மோட்டார் சைக்கிள் திருத்தத்தோடு தத்துவமும் படிப்பிக்கலாமா?

கேள்வி கேட்டவர் திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிப்பிக்கிற ஒரு ரீச்சர். தெரிந்தவர் ஒருவரின் கராஜில் பின்பக்கக் கொட்டிலைச் சனிக்கிழமைகளுக்குக் கேட்டு வாங்கியிருக்கிறார். 12 பிள்ளைகள், அதில் 5 பேர் பெண்பிள்ளைகள். அவர்களுக்கு மோட்டார் சைக்கிள் கழற்றிப் பூட்டப் பழக்கி, கூடவே கைவேலையைப் பற்றித் தத்துவவாதிகள் என்ன சொன்னார்கள் என்பதையும் படிப்பிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எதை முதலில் தொடங்குவது, சேர்த்துப் படிப்பித்தால் இரண்டுமே கெட்டுப்போகாதா என்று கேட்டிருக்கிறார். கேள்வியின் அடியில், தான் வாழ்க்கையில் ஸ்பானர் பிடித்ததில்லை என்றும் ஒரு வசனம் எழுதியிருந்தார். அதை வாசித்த பிறகுதான் அவர் என்ன கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. கராஜ் வேலைக்குள் நிஜமாகவே யோசனை இருக்கிறதா, இல்லாவிட்டால் கிறீஸ் கைக்கு மேலே பெரிய சொற்களையும் பூசிப் பிள்ளைகளை ஏய்க்கப் போகிறேனா என்ற பயம் அது. நியாயமான பயம்.

நான் யார் என்று சொல்லிவிட்டே பதிலுக்குப் போகிறேன். 1985இல் ஒரு பழைய பிற்றரிடம் தொழில் பழகப் போனேன். 1957இல் பிரித்தானியக் கடற்படை இங்குள்ள தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை டொக்யாட்டில் வேலை பழகிய மனிதர் அவர். பிறகு 12 வருடம் சொந்தமாகக் கராஜ் வைத்திருந்தேன், அதற்குப் பிறகு இளம் பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கினேன். நடுவில் வெளிவாரியாகக் கலைப் பட்டம் செய்தபோது மெய்யியலை ஒரு பாடமாக எடுத்தேன். ஆகவே இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். என் கைப்பழக்கம், பெற்றோலையும் காற்றையும் காபரேட்டர் கலந்து கொடுக்கிற பழைய பைக்குகளோடு சரி. கணினிச் செருகி போட்டுப் பிழை பார்க்கும் புது இன்ஜெக்ஷன் பைக்குகளை நான் நிறையத் தொட்டதில்லை. அவற்றுக்கு என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சேர்த்துப் படிப்பிக்கலாம். ஆனால் தத்துவத்தை முதலில் எடுக்காதீர்கள். முதல் நாள் கரும்பலகையில் "உழைப்பின் மகத்துவம்" என்று எழுதினீர்களானால் அடுத்த சனிக்கிழமை 12 பேரில் 7 பேர்தான் வருவார்கள், வருகிற ஏழு பேரும் கொட்டாவி விடுவார்கள். பழுதை முன்னால் வையுங்கள். கேள்வியைப் பைக் கேட்கட்டும், நீங்கள் அதற்குப் பெயர் சொல்லுங்கள். இப்படி வெறுமனே சொன்னால் விளங்காது. என்னிடம் வந்த ஒரு பழுதைச் சொல்கிறேன். இதை நீங்கள் வகுப்பில் அப்படியே செய்து காட்டலாம்.

நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் வேலை செய்தவர் ஒருவர். 125 சிசி பைக். ரவுணுக்குள் எவ்வளவு ஓடினாலும் ஒரு கரைச்சலும் இல்லை. வேலைக்குப் போகும்போது மட்டும் சாம்பல்தீவு தாண்டியதும் இழுத்து இழுத்து நின்றுவிடும். இறங்கி, பெற்றோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பார், இருக்கும். மூடிவிட்டுக் கொஞ்சம் நின்று உதைத்தால் ஸ்டார்ட் ஆகும். என்னிடம் வருவதற்கு முன் மூன்று இடத்தில் காட்டியிருந்தார். ஒருவர் பிளக் மாற்றினார், ஒருவர் காபரேட்டர் கழுவினார், ஒருவர் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் கொயிலையே மாற்றினார். பழுது போகவில்லை. அவருக்கென்றும் ஒரு கோட்பாடு இருந்தது: பெற்றோல் அடித்த அன்றைக்குத்தான் கூடக் கரைச்சல் தருகிறது, ஆகவே பெற்றோல் செட்டில் கலப்படம் செய்கிறார்கள். இந்தக் கடைசித் தகவலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொன்ன காரணம் பிழை, கவனித்த விஷயம் முற்றிலும் சரி.

ரீச்சர், இந்த இடத்தில் உங்கள் பாடம் முழுதாக உட்கார்ந்திருக்கிறது. ஓடிச் சூடாகி நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. இதற்கு இரண்டு கருதுகோள் சொல்லலாம். ஒன்று, கொயில் அல்லது அதோடு சேர்ந்த மின் பாகம் சூட்டில் வேலை நிறுத்துகிறது. மற்றது, பெற்றோல் தாங்கி மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. பெற்றோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்கு மேலேயிருந்து காற்று வரவேண்டும். வராவிட்டால் உள்ளே அமுக்கம் குறைந்து பெற்றோல் இறங்க மறுக்கும். மூடியைத் திறந்தால் காற்றுப் புகும், பைக் ஓடும். அவர் நின்று ஆறவிட்டதும் மூடியைத் திறந்து பார்த்ததும் எப்போதும் ஒன்றாகவே நடந்ததால், எது வைத்தியம் என்று அவருக்கும் தெரியவில்லை, திருத்தியவர்களுக்கும் தெரியவில்லை. 1843இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜோன் ஸ்டுவர்ட் மில் எழுதிய வேற்றுமை முறையை, அதாவது மற்றதெல்லாம் அப்படியே இருக்க ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதை, பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள் அல்லவா? இங்கே அது வேலைக்கு வருகிறது. பைக் நின்றால் மூடியைத் தொடாதீர்கள், தொடாமல் கால் மணித்தியாலம் ஆறவிட்டு உதைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஸ்டார்ட் ஆகவில்லை. மூடியைத் திறந்தாராம், "உஸ்" என்று காற்று இழுத்த சத்தம் கேட்டதாம், இரண்டாவது உதையில் பற்றிக்கொண்டது.

பெற்றோல் நிறைத்த அன்றைக்கு ஏன் கூடக் கரைச்சல்? தாங்கி நிறைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் காற்று இடம் சின்னது. கொஞ்சம் பெற்றோல் இறங்கினாலே அமுக்கம் சட்டென்று குறையும். பாதித் தாங்கியில் காற்று நிறைய இருப்பதால் அதே அளவு குறைய அதிக தூரம் ஓடவேண்டும். ஒன்று கூடக் குறைய மற்றதும் சேர்ந்து மாறுவதைக் கவனிக்கும் உடன்மாறல் முறைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் தூசியும் துருவும் சேர்ந்து துளையை அடைத்திருந்தன. மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தேன், செலவு ஒன்றும் இல்லை. மனிதர் காசு எவ்வளவு என்று கேட்டபோது சொல்லக் கூச்சமாக இருந்தது. கம்பி குத்தியதற்கு இல்லை, எங்கே குத்துவது என்று தெரிந்ததற்குத்தான் காசு என்று பிற்பாடு பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவரிடம் சொல்ல வரவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பைக் நின்றவுடன் பிளக்கைக் கழற்றி என்ஜின் தலையில் தொடவைத்து உதைத்துப் பார்ப்பது எல்லாரும் செய்கிற சோதனை. பொறி வந்தால் "கறன்ட் பக்கம் சரி" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது முழு உண்மை இல்லை. வெளிக்காற்றில் பாய்கிற பொறி, சிலிண்டருக்குள்ளே அமுக்கத்தில் பாயாமல் போகலாம். அமுக்கம் கூடினால் பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும். பொறி வராவிட்டால் அந்தப் பக்கத்தில் பிழை இருப்பது அநேகமாக உறுதி, வந்தால் பிழை இல்லை என்பது உறுதி இல்லை. தத்துவவாதி கார்ல் பொப்பர் சொன்ன பொய்ப்பித்தலுக்கும் மெய்ப்பித்தலுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு பிளக்கை வைத்தே விளங்கப்படுத்தலாம். நான் படிக்கும்போது எனக்கு அன்னங்களின் நிறத்தை வைத்துச் சொன்னார்கள்: எத்தனை வெள்ளை அன்னம் கண்டாலும் எல்லா அன்னமும் வெள்ளை என்பது உறுதியாகாது, ஒரு கறுப்பு அன்னம் கண்டால் அது பொய் என்பது உறுதி. திருகோணமலையில் நான் அன்னம் கண்டதில்லை.

சரி, யோசனைப் பக்கம் இவ்வளவு. கைப்பக்கம் வேறு மாதிரி. இங்கே உப்புக் காற்று, அதோடு மீன் வியாபாரிகளின் பைக்கில் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். அலுமினிய என்ஜின் உடலுக்குள் போன இரும்பு போல்ட் இரண்டு வருடத்தில் உள்ளேயே ஊறிப் பிடித்துவிடும். வலிமையைக் காட்டினால் போல்ட்டின் தலை கையோடு வந்துவிடும். ஊடுருவும் ஒயில் விட்டு, சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்க வேண்டும். ஒரே சூட்டுக்கு இரும்பைவிட அலுமினியம் ஏறத்தாழ இரு மடங்கு விரியும், பிடி தளரும். ஜப்பான் பைக்குகளில் இருக்கும் குறுக்குத் தலை ஸ்குரூவுக்குச் சாதாரண பிலிப்ஸ் ஸ்குரூட்ரைவர் சரியாகப் பொருந்தாது, தலை அரைபட்டுப் போகும். ஜப்பான் தரத்துக்கு வெட்டிய முனை வேண்டும். இவையெல்லாம் வாயால் சொல்லிக் கொடுக்கக் கூடியவை. சொல்லிக் கொடுக்க முடியாதது ஒன்று இருக்கிறது: ஸ்பானரில் கை வைத்து இழுக்கும்போது, இது கழலப் போகிறதா முறியப் போகிறதா என்று அரை நொடிக்கு முன் கைக்குத் தெரியுமே, அது.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று நாங்கள் சின்ன வயதில் ஒப்புவித்த பாட்டு இதைத்தான் சொல்கிறது. ஒன்றை இன்னதென்று அறிவதும் ஒன்றைச் செய்ய அறிவதும் வேறு வேறு என்று ஆங்கிலத் தத்துவவாதி கில்பர்ட் ரைல் 1940களில் வாதாடினார். வேதியியலாளராக இருந்து மெய்யியலுக்கு வந்த மைக்கேல் பொலானி, சொல்லக்கூடியதைவிடக் கூடுதலாக நாங்கள் அறிந்திருக்கிறோம் என்றார். அவர் காட்டும் உதாரணம் சைக்கிள் ஓட்டுவது. சாயும் கோணத்துக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கும் உள்ள தொடர்பைப் படித்துவிட்டு ஒருவரும் சைக்கிள் ஓட்டப் பழகுவதில்லை. பிள்ளைகளிடம் வேறொன்று கேட்டுப் பாருங்கள்: நல்ல வேகத்தில் போகும்போது பைக்கை இடப்பக்கம் சாய்க்க, ஹாண்டிலின் எந்தப் பக்கத்தை முன்னால் தள்ளுகிறீர்கள்? பத்து வருடம் ஓட்டியவர்களும் பிழையாகத்தான் சொல்வார்கள். இடப்பக்கத்தைத்தான் தள்ளுகிறோம். சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்பி, பைக் இடப்பக்கம் சாய்கிறது. வாய் பிழையாகச் சொல்லும்போதும் கை சரியாகவே செய்துகொண்டிருக்கிறது. வகுப்பில் இது நல்ல சண்டையைக் கிளப்பும்.

ஆனால் இந்த "சொல்ல முடியாத அறிவு" என்பதை அளவுக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டாம். எங்கள் தொழிலில் அது சோம்பலுக்கு நல்ல போர்வை. "பார்த்துப் பழகு தம்பி" என்று சொல்லி இரண்டு வருடம் தேத்தண்ணி வாங்கவைத்த ஆட்களை எனக்குத் தெரியும். வால்வ் இடைவெளியைக் கைக்கணக்கில் வைப்பேன் என்பார்கள். 90 சிசி ஹொண்டாவில் அது ஆறிய என்ஜினில் 0.05 மில்லிமீற்றர். தலைமயிரைவிட மெல்லிசு. அதைக் கைக்கணக்கில் வைக்க முடியாது, இடைவெளிக்குள் நுழைத்துப் பார்க்கும் தகட்டு அளவி வேண்டும். சின்ன போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பானரால் இறுக்கிக் காட்டி, பிறகு சாதாரண ஸ்பானரால் அதே இறுக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பத்துத் தரம் செய்தால் கை பழகும். கைப்பழக்கம் என்று சொல்வதில் பாதியை இப்படி அளந்து பழக்கலாம். மீதிப் பாதிக்குத்தான் காலம் வேண்டும்.

வேலை செய்பவனை நாங்கள் என்ன பெயரால் அழைக்கிறோம் என்பதையும் பிள்ளைகளோடு கதையுங்கள். இங்கே தமிழரோ முஸ்லிம்களோ சிங்களவரோ, மெக்கானிக்கைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் அது, அவர்கள் மொழியில் தொழில் எசமான் என்று பொருள். அதே ஒல்லாந்தச் சொல் அமெரிக்காவுக்கும் போனது. அங்கே அது ஆங்கிலத்துக்குள் புகுந்து, மேசைக்குப் பின்னால் இருந்து கட்டளையிடுகிறவனுக்குப் பெயராகிவிட்டது. இங்கே கையில் ஸ்பானர் பிடித்தவனோடேயே நின்றுவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிரடெரிக் டெய்லர் என்ற பொறியியலாளர், வேலையைத் திட்டமிடுவது ஒருவர், செய்வது இன்னொருவர் என்று பிரித்துவிட வேண்டும், யோசிக்கும் வேலையைப் பட்டறையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று எழுதியதையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். ஒரு சொல்லுக்குள்ளேயே இரண்டு வாழ்க்கை இருக்கிறது.

எங்கள் நாட்டிலேயே பிறந்த ஒருவரும் இருக்கிறார். 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி முதலில் புவிச்சரிதவியலாளர், இலங்கையின் கனிப்பொருள் அளவைக்கு முதல் பணிப்பாளர். கனிமம் தேடி ஊரூராகத் திரிந்தவர் கண்டிக் கைவினைஞர்களைக் கவனித்து 1908இல் பெரிய ஆய்வு வெளியிட்டார். செய்கிறவனும் சிந்திக்கிறவனும் ஒரே ஆளாக இருந்த உலகத்தைத் தொழிற்சாலை பிளந்துவிட்டது என்பது அவருடைய கவலை. பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். ஆனால் அதே மனிதர் சாதியமைப்பைத் தொழில் ஒழுங்கு என்று தாங்கிப் பேசினார் என்பதையும் மறைக்காதீர்கள். எங்கள் ஊர்களில் கைத்தொழிலுக்குக் குறைந்த மரியாதை வந்தது தொழிற்சாலையால் இல்லை. அது அதற்கு எவ்வளவோ முன்பே சாதியோடு வந்தது. அரிஸ்டாட்டிலும், நல்ல அரசில் கைத்தொழிலாளிக்குக் குடியுரிமை கொடுக்க மாட்டார்கள் என்று எழுதியவர்தான். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையின் தகப்பன் தச்சனாகவோ கொல்லனாகவோ இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு முன்னால் கைவேலையின் புனிதத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்கு வாய் வராது.

இதற்குச் சீமோன் வெய்லைச் சொல்வேன். பிரான்சில் மெய்யியல் ஆசிரியராக இருந்த பெண். 1934 டிசம்பரிலிருந்து 1935 ஓகஸ்ட் வரை இடையிட்டு இடையிட்டுத் தொழிற்சாலைகளில் சாதாரணக் கூலியாளாக வேலை செய்தார். போய் அவர் கண்டது உழைப்பின் உன்னதத்தை இல்லை. களைப்பில் யோசிக்கவே முடியாமல் போவதையும், கட்டளைக்குப் பணிந்தே பழகிவிடுவதையும் கண்டார். ஒரே வேலையை நாள் முழுக்க, மற்றவன் சொல்லும் வேகத்தில், எண்ணிக்கைக்குச் செய்வது ஒன்று. பழுதை நீங்களே தேடிப் பிடித்து முடிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் கைவேலை என்றுதான் பெயர். கராஜிலேயே இரண்டும் நடக்கும். ஒரு நாளைக்கு 30 பைக் கழுவி ஒயில் மாற்றுகிற பையன் செய்வது முதலாவது. உங்கள் பிள்ளைகள் சனிக்கிழமை மட்டும் வந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். முன்பக்கத்தில் வேலை செய்யும் பையனுக்கு அன்றும் மறுநாளும் வேலைதான். அவனையும் ஒரு நாள் கூப்பிட்டுக் கதைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் அந்த நேரத்துக்குக் கூலியும் கொடுத்து.

இனி என் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். தொழில் பழகத் தொடங்கி மூன்றாம் வருடம். ஒரு மீன் வியாபாரியின் பைக்கில் பின்சக்கரம் கழற்றிப் பூட்டினேன். பின் பிரேக் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் பிடித்து வைக்க ஒரு நீளத் தகடு இருக்கும். அதன் நட்டைக் கையால் திருகிவிட்டு, பிறகு இறுக்கி, நட்டுக் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னும் போடலாம் என்று விட்டேன். அந்த நேரம் தேத்தண்ணி வந்தது. குடித்துவிட்டு வந்து செயினைச் சரிபார்த்தேன், பைக்கைக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் நாள் கன்னியா வீதியில் அவர் பிரேக் பிடித்தபோது தகடு கழன்று, தட்டுச் சுற்றி, சக்கரம் இறுகி நின்றுவிட்டது. விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பாஸ் என்னை ஏசவில்லை. பின்னேரம் அந்த வியாபாரியின் வீட்டுக்குக் கூட்டிப்போய், நடந்ததை என் வாயாலேயே சொல்ல வைத்தார். பிறகு, கை சரியாகும்வரை இவருடைய மீனை நீதான் கொண்டுபோய் விற்கப் போகிறாய் என்றார். ஆறு கிழமை, விடிய 4 மணிக்கு எழும்பி, அதே பைக்கில் மீன் பெட்டி கட்டி, நான் பூட்டிய அதே சக்கரத்தின் மேலே இருந்து ஓடினேன். பெட்டியிலிருந்து வடிகிற தண்ணீர் எந்தெந்த நட்டில் போய் விழுகிறது என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

பல வருடம் கழித்து அரிஸ்டாட்டிலில் ஒரு வரி படித்தபோது இது ஞாபகம் வந்தது. கலைத்திறனில், தெரிந்தே பிழை விடுபவன் தெரியாமல் பிழை விடுபவனைவிட மேல். நடைமுறை விவேகத்தில் அது மறுபக்கம் என்கிறார். என்னுடையது எந்தக் கணக்கில் வரும்? நட்டு இறுக்க எனக்குத் தெரியாமல் இல்லை, அதனால் திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது. வேண்டுமென்று விடவும் இல்லை. தேத்தண்ணிக்கு எழும்பினேன், அவ்வளவுதான். அப்படியானால் பிழை கையிலா, புத்தியிலா, குணத்திலா? இந்தக் கேள்வியை நான் ஒவ்வொரு தொகுதிப் பிள்ளைகளிடமும் கேட்டிருக்கிறேன். ஒரு பிள்ளை, நட்டை இறுக்கும் ஒழுங்கில்தான் பிழை, கையால் திருகி விட்டுவிடும் வழக்கத்தையே நிறுத்தியிருக்க வேண்டும் என்றாள். எனக்கு வந்த விடைகளில் அதுதான் சிறந்தது. அவள் சொன்னதன் பிறகு, இறுக்கி முடித்த நட்டில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போடுவதைப் பழக்கமாக்கினேன்.

இந்த வகுப்பால் என்ன கிடைக்கும் என்று பெற்றோர் கேட்பார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பிள்ளைகள் பிளக்கின் நிறம் பார்த்து என்ஜினின் நிலைமை சொல்லப் பழகுவார்கள், தங்கள் வீட்டு ஸ்கூட்டியைப் பராமரிப்பார்கள், கருதுகோள் என்ற சொல் பரீட்சைத் தாளுக்கு வெளியேயும் இருக்கிறது என்று காண்பார்கள். அளவையியல் புள்ளி கூடுமா? சில பிள்ளைகளுக்குக் கூடியதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் வேறு எந்த வழியில் படித்தாலும் எடுத்திருப்பார்களோ என்னவோ, அதை வைத்து வாக்குக் கொடுக்க மாட்டேன். கைவேலை மனிதனை நேர்மையாக்கும் என்று சிலர் எழுதுவார்கள். பைக்கிடம் பொய் சொல்ல முடியாது என்பது உண்மை. பைக்குக்குச் சொந்தக்காரனிடம் சொல்லலாம். மாற்றாத பாகத்துக்குக் காசு வாங்கிய அருமையான தொழில்காரர்களை நான் அறிவேன். சான்றிதழ் பற்றியும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தேசிய தொழில் தகைமையில் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். உங்கள் சனிக்கிழமை வகுப்பு இதில் எதையும் தராது. தொழிலாகவே எடுக்க விரும்புகிற பிள்ளை முறையான பயிற்சிக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்து பழகிய அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

நடைமுறைக்கு வருகிறேன். முதல் நான்கு கிழமை ஓடுகிற பைக் எதையும் தொடவிடாதீர்கள். 2020இல் தொடங்கி வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த காலத்தில் பழைய பைக்குகளின் விலையும் ஏறியது, பிள்ளைகள் பழுதாக்கினால் தாங்க முடியாது. செத்த என்ஜின் மூன்று வாங்குங்கள், நான்கு பேருக்கு ஒன்று. பெரிய மட்டை ஒன்றில் என்ஜின் மூடியின் படத்தை வரைந்து, எந்தத் துளையிலிருந்து எந்த போல்ட் வந்ததோ அந்த இடத்தில் குத்தி வைக்கச் சொல்லுங்கள். போல்ட்டுகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், நீளம் வேறு. நீளமானதைக் குட்டையான துளையில் விட்டு இறுக்கினால் என்ஜின் உடலே வெடிக்கும். கழற்றும்போது கதைக்க விடுங்கள், பூட்டும்போது விடாதீர்கள். தத்துவத்தைப் பூட்டி முடித்த பிறகு, கையெல்லாம் கறுப்பாக இருக்கும்போது எடுங்கள், அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். நான் மேலே சொன்ன பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே தவணையில் திணிக்கவும் வேண்டாம். மூன்று பேர் போதும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு செயின் துடைக்கக் கூடாது, விரல் போன ஆட்கள் இருக்கிறார்கள். மூடிய கொட்டிலில் என்ஜின் ஓட்டக் கூடாது, காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பழைய பிரேக் ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும், தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். தலைமயிரைக் கட்டவேண்டும், சால்வை கூடாது, செருப்புக்குப் பதில் சப்பாத்து. கழிவு ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள், இங்கே கான் போய்ச் சேர்வது கடலில்தான். பெண்பிள்ளைகள் சமாளிப்பார்களா என்று உங்களிடம் யாரும் கேட்டால், பிடித்துப்போன போல்ட்டைக் கழற்ற வேண்டியது சூடும் நீளமான பிடியும் பொறுமையும் என்று சொல்லுங்கள். நான் பழக்கியவர்களில் மரை போகாமல் அதிகம் கழற்றியவர்கள் அவர்கள்தான், ஏனென்றால் அவர்கள் முதலிலேயே பலத்தைக் காட்டவில்லை.

கடைசியாக அந்த ஸ்பானர் விஷயம். அதை ஒளிக்காதீர்கள் ரீச்சர். அந்தக் கராஜ் பாஸ் திருத்தம் பழக்கட்டும், நீங்கள் பதின்மூன்றாவது ஆளாக ஒரு என்ஜினுக்கு முன்னால் இருங்கள். உங்களுடைய போல்ட்டும் ஒரு நாள் முறியும், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அன்றைக்கு அவர்களுக்கு உங்களிடம் கேட்க நிறைய இருக்கும். என் வீட்டுக் கொட்டிலில் ஒரு பழைய 90 சிசி என்ஜின் சும்மா கிடக்கிறது, பிஸ்டன் இறுகிப்போயிருக்கிறது. ஆள் அனுப்பினால் தந்துவிடுகிறேன், காசு வேண்டாம். அப்புறம், கை கழுவப் பெற்றோலைக் கொடுக்காதீர்கள், தோல் வெடிக்கும். சவர்க்காரத்தில் ஒரு தேக்கரண்டி சீனி போட்டுத் தேய்த்தால் கிறீஸ் போகும். நகத்துக்குள் இருப்பது மட்டும் திங்கட்கிழமை வரை நிற்கும்.